அறுபத்து நான்காவது லாட்

மார்ச் 4, செவ்வாய்

பெரிய வீட்டுச் சாமான்கள் இன்று வந்து இறங்கின. இரண்டு லாரி. அந்த வீட்டுப் பெரியம்மா காலமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. எது யாருக்கு என்று மகன்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் ஏலத்தில் போடுங்கள், வேண்டியவர் கேட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்று கையைக் கழுவிவிட்டார்கள். இப்படிப்பட்ட குடும்பங்களால்தான் எங்கள் அடுப்பு எரிகிறது, குறை சொல்லக் கூடாது.

நின்ற கடிகாரம் இரண்டு, கண்ணாடி அலமாரி ஐந்து, ஒரு தட்டு நிறைய மோதிரங்கள், தபால்தலை ஆல்பங்கள், வெள்ளிச் சாமான்கள் ஒரு பெட்டி. மனைவி ஒவ்வொன்றாக எடுத்து விளக்கடியில் திருப்பிப் பார்த்து, கீறல், விரிசல், மாற்றிய கொக்கி எல்லாம் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு லாட் எண் எழுதி, நூலில் சீட்டுக் கட்டினாள். நானும் மச்சினனும் தூக்கி வைத்தோம்.

அலமாரிக் கதவில் இடது தோளை நன்றாக இடித்துக்கொண்டேன். "கதவைத் திறந்து போட்டுட்டுப் போறியே, கண்ணு இல்ல?" என்று மச்சினன் மேல் எகிறினேன். "அத்தான், அது அரைமணி நேரமா அப்படியேதான் தெறந்து கெடக்கு" என்றான். பதில் பேசுவதில் மட்டும் குறைச்சல் இல்லை.

மார்ச் 8, சனி

நூற்றுப்பத்து லாட். மூன்று மணி நேரத்தில் முடித்தேன். முப்பத்தொரு வருஷமாக இந்த ஏலச் சுத்தி என் கையில். இன்னும் ஒருவன் இந்த வேகத்துக்கு வரட்டும், பார்க்கலாம். வியாபாரிகள் எனக்குக் கழுகு என்று பெயர் வைத்தது சும்மாவா? கடிகாரக்காரர் பேனாவை மூடினால் ஒரு கேள்வி, விலையை ஏற்றுகிறார் என்று அர்த்தம், திறந்தால் விலகிவிட்டார். மோதிரக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளுவார். யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நான் பார்த்துவிடுவேன்.

ஒரு சின்னத் தகராறு. அறுபத்து நான்காவது லாட், சாப்பாட்டு மேசையில் வைத்து வேலையாளைக் கூப்பிடுகிற வெள்ளிக் கைமணி, பிடி குருவி வடிவம், குருவியின் வால் கொஞ்சம் நசுங்கல். பெரிய வீட்டு மூத்த மருமகள் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். வேறு யாரும் மேலே வரவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், அடித்தேன்.

அடித்த பிறகு இடது ஓரத்திலிருந்து ஒரு குரல். "சார், நான் கைய எறக்கவே இல்லையே!" திரும்பிப் பார்த்தால், அந்த வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா. எண் அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். எங்கள் அறையில் கையை இறக்காதவரை கேட்கிறார் என்று அர்த்தம், இது வாசலிலேயே சொல்லித்தான் அட்டை கொடுக்கிறோம். கை எங்கே மேலே இருந்தது? நான் பார்க்கவில்லையே.

"சுத்தி விழுந்த பெறகு கையத் தூக்கிட்டு, முன்னாடியே தூக்கினேன்னு சொல்றதெல்லாம் இங்க நடக்காதும்மா" என்றேன்.

"அப்போ நான் பொய் சொல்றேங்கறீங்களா?"

"வேற என்னன்னு சொல்றது?"

அறை சிரித்தது. மருமகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்றாள். அந்த அம்மா மேசைக்கு வந்து அட்டையை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அறுபத்தைந்து, பீங்கான் தேநீர்க் கோப்பைகள் ஆறு. நல்ல விலைக்குப் போயின.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் மனைவி சொன்னாள். "நேத்து அந்தம்மாவை அப்படிச் சொல்லியிருக்க வேணாம்."

நான் என்ன செய்யட்டும்? அடித்ததை மறுபடி திறந்தால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள். மேடை என்றால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அதைத்தான் சொன்னேன்.

"நீ பார்த்தியா, அவங்க கைய?" என்றேன். "நான் எழுதிட்டு இருந்தேன், எனக்கெப்படித் தெரியும்" என்றாள். அப்புறம் என்ன? பேச்சு முடிந்தது.

மார்ச் 13, வியாழன்

மேசையின் இடது ஓரத்தில் இருந்த கண்ணாடி விளக்கு போச்சு. என் முழங்கை. விளக்கு அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. நானேதான் காலையில் அங்கே வைத்தேனாம். போன மாதம் வண்டியின் இடப்பக்கம் கீறல். அதற்கு முன்னால் பக்கத்து வீட்டு மதிலில் மோதல்.

மனைவி உடைந்த சில்லைப் பொறுக்கிக்கொண்டே, "ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துடுங்களேன்" என்றாள். கழுகைப் போய்க் கண்ணைக் காட்டச் சொல்கிறாள்! சிரிப்புதான் வந்தது.

சிரிப்பு வரவில்லை. எனக்காக எழுதிக்கொள்கிறதில் என்ன பொய்?

மார்ச் 17, திங்கள்

யாரிடமும் சொல்லாமல் போய்விட்டு வந்தேன்.

ஒரு கிண்ணம் மாதிரிப் பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவிலுள்ள புள்ளியையே பார்க்க வேண்டும், எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண் பரவாயில்லை. இடது கண்ணுக்கு வந்ததும் மின்னுவது நின்றுவிட்டது. நர்ஸிடம், "மெஷின் நின்னுபோச்சு போல" என்றேன். "இல்லைங்க, ஓடிட்டுதான் இருக்கு" என்றாள்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் தாளைக் காட்டினார். இடது கண்ணுக்கு நடுவில் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டதாம். வலியில்லாமல், சத்தமில்லாமல், வருஷக்கணக்காக. "போனது வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து, விடக் கூடாது" என்றார். இடப்பக்கம் ஓரமாக இருக்கிற எதுவும் எனக்குத் தெரியாது, திரும்பினால்தான் தெரியும். "இது தெரியாமலா இருப்பேன்?" என்று கேட்டேன். "இல்லாத இடத்தை மூளையே நிரப்பிடும், அதனால இல்லைங்கறதே தெரியாது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் பாதையோரத்தில் நின்றுவிட்டேன். இடப்பக்கம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. கை மேலேதான் இருந்திருக்கிறது. முழு நேரமும் மேலேதான் இருந்திருக்கிறது. நான்தான் — ஐயோ, நான் என்ன வார்த்தை சொல்லிட்டேன்.

மருந்துக் குப்பியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். மனைவியிடம் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

தந்திரம் ஒன்று கண்டுபிடித்தேன். இடப்பக்க நாற்காலிகளை எல்லாம் எடுத்து நடுவில் நெருக்கிப் போடச் சொன்னேன். தூண் மறைக்கிறது என்று காரணம் சொன்னேன். அந்தத் தூண் முப்பத்தொரு வருஷமாக அங்கேதான் நிற்கிறது. மச்சினன் ஒரு மாதிரி பார்த்தான், ஆனால் நகர்த்தினான்.

எண்பத்தேழு லாட். கோழி மாதிரித் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். கழுத்து வலி. ஒன்றும் தவறவில்லை என்று நினைக்கிறேன். "நினைக்கிறேன்" — இந்த வார்த்தையை மேடையிலிருந்து இறங்கி நான் எழுதியதே கிடையாது.

தூண் மறைக்கிறதாம். எவ்வளவு லாவகமாக வருகிறது வாயில். அந்த அம்மாவைத்தான் பொய்க்காரி என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

கடிகாரக்காரர் ஒரு பழைய பாக்கெட் கடிகாரத்தோடு வந்தார். மூடியின் உள்பக்கம் எழுத்து இருக்கிறது, படித்துச் சொல் என்று. படித்துச் சொன்னேன். நேரே பார்க்கிறது நன்றாகத்தான் தெரிகிறது, அதுதான் கொடுமை.

போகும்போது நின்றார். "ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்தச் சமையலம்மா கை தூக்கிட்டுத்தான் இருந்துச்சு. எனக்கு முன்னாடி வரிசை. தோள் உயரத்துக்குத்தான் தூக்கிச்சு, ஆனா எறக்கல."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"கழுகு பார்க்கலேங்கும்போது, நான் பார்த்தேன்னு யாரு சொல்லுவா? எனக்கே சந்தேகமாப்போச்சு."

அதோடு விடவில்லை. அந்த அம்மா வேறொரு வீட்டில் வேலைக்குச் சேர இருந்ததாம், அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அந்த மருமகள் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏல அறையிலேயே எல்லார் முன்னாலும் பொய்க்காரி என்று பட்டம் வாங்கியவள் என்று. பட்டம் கொடுத்தவன் நான்.

இரவு மேசையில் சூப் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

மார்ச் 29, சனி

விலாசம் மேசைப் பதிவேட்டில் இருந்தது. இன்று ஏலம் இல்லை. போனேன்.

சும்மா போகவில்லை, அங்கேதான் என் புத்தி. எங்கள் சொந்த இருப்பிலிருந்து ஒரு வெள்ளிக் கைமணி எடுத்துப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு போனேன். அந்தக் குருவி மணியைவிட இரண்டு மடங்கு எடை, வேலைப்பாடும் அதிகம். இதைக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தால் விஷயம் முடிந்தது என்று கணக்கு.

மூன்றாவது மாடி, ஒரே அறை, ஜன்னலோரம் அடுப்பு. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார், உட்காரச் சொன்னார். அந்த நிலைமையிலும் உட்காரச் சொன்னார்.

கண் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர், கிண்ணம், பொத்தான், எல்லாம். முதல் முதலாக வாய்விட்டுச் சொன்னது இவரிடம்தான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பட்டுத்துணியைப் பிரித்தேன்.

"இது என்னது?"

"உங்களுக்குத்தான். அதைவிட நல்ல மணி."

"நான் மணி வாங்கவா சார் வந்தேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மணியைக் கேட்கத்தானே வந்தார்?

"இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சேன். பெரியம்மா போறதுக்கு முன்னாடி, இதை நீயே வச்சுக்க, இனிமே உனக்காக நீ அடிச்சுக்கன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. சொன்னதுக்குச் சாட்சி கெடயாது. அவங்க போன மூணாம் நாளே மருமக வெள்ளிக் கரண்டிய எண்ணினா, எங்க முன்னாடியே. நான் எடுத்துட்டுப் போயிருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதனாலதான் ஏலத்துக்கு வந்தேன். ஊரறிய, என் காசுல, ரசீதோட எடுத்துட்டுப் போலாம்னு. யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னு வந்த எடத்துலதான்…"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன செய்யணும், சொல்லுங்க. அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதித் தரேன். உங்களை வேணாம்னு சொன்னவங்ககிட்ட நானே போய்ப் பேசறேன்."

"கடிதமெல்லாம் வேணாம் சார். அந்த அறையிலதான சொன்னீங்க? அந்த அறையிலயே சொல்லுங்க. அதே ஆளுங்க முன்னாடி."

"அப்புறம் நான் அந்த மேடையில நிக்க முடியாதும்மா. எடது பக்கம் தெரியாதவன் ஏலம் விடறான்னு தெரிஞ்சா ஒருத்தன் சாமான் கொண்டு வரமாட்டான்."

"நானும்தான் ஒரு வீட்டுக்குள்ள போக முடியல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெங்காயத்தை மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

மணியைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தேன். படியில் அது கிணுகிணு என்று அடித்துக்கொண்டே வந்தது. மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

மார்ச் 30, ஞாயிறு

கேட்டது நியாயம். நியாயம்தான். நியாயமாக இருந்து தொலைக்கிறதே!

ஏப்ரல் 1, செவ்வாய்

மனைவி சொட்டு மருந்தைக் கண்டுபிடித்துவிட்டாள், துவைக்கப் போட்ட சட்டையில். குப்பியை மேசையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் இருந்தாள். அதைவிட அவள் கத்தியிருக்கலாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும்தான் கத்தினாள்.

"முப்பத்தொரு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்து எழுதிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடது பக்கம் நான் பார்த்திருக்க மாட்டேனா? தூணு மறைக்குதாம்! என் தம்பி அந்த நாற்காலியெல்லாம் தூக்கித் தூக்கி முதுகு பிடிச்சுக் கெடக்கான்."

பிறகு அழுதாள். மிச்சக் கண்ணும் போய்விடுமா என்றுதான் கேட்டாள், மேடையைப் பற்றி இல்லை. மருந்து விடாமல் போட்டால் இருக்கும் என்றேன். தலையைச் சாய்க்கச் சொல்லி அவளே சொட்டு விட்டாள். கண்ணில் பாதி, கன்னத்தில் பாதி.

"அந்தம்மா சொன்ன மாதிரியே செய்யுங்க" என்றாள். "அப்புறம் நம்ம பொழைப்பு?" என்றேன். குப்பியை இறுக மூடி மேசையில் வைத்தாள். அவளுக்கும் பயம்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

மச்சினனிடம் சொன்னோம். கடையில் பாதி அவனுடையது, சொல்லாமல் முடியாது. முகம் வெளுத்துவிட்டது. "அத்தான், அறிக்கையா ஒட்டிடலாம். பதிவுப் பிழை, வருந்துகிறோம்னு. யாரு மேல தப்புன்னு போடவே வேணாம்." நல்ல பையன்தான். நாற்பத்தைந்து வயதாகியும் பையன்தான் எனக்கு.

அறிக்கை எழுதியும் பார்த்தேன். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஆரம்பித்தேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். பூசி மெழுக எனக்கு இவ்வளவு சொற்கள் தெரியும் என்று இன்றுதான் தெரிந்தது. எத்தனை வருஷம் பட்டியல் எழுதியிருக்கிறேன். விரிசல் விட்ட ஜாடியை "காலத்தின் சுவடுகளோடு" என்று போடுகிற கை இது.

நாளைக்கு ஏலம். அந்த அம்மாவுக்கு மனைவி ஆள் அனுப்பியிருக்கிறாள். வருகிறாரா என்று தெரியாது. மருமகள் வருவாள், பெரிய வீட்டில் மீதமிருந்த தபால்தலைகளும் மோதிரங்களும் நாளைக்குத்தான்.

என்னால் முடியாது என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 5, சனி

காலையில் மச்சினன் இடப்பக்க நாற்காலிகளைப் பழைய இடத்திலேயே போட்டிருந்தான். நான் சொல்லவில்லை.

அறை நிறைந்திருந்தது. மேடை ஏறினேன். சுத்தியை எடுக்காமல் பேசினேன்.

எழுதி வைத்ததைப் படிக்கவில்லை. என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிற வரைக்கும் எழுதுகிறேன்: "போன மாசம் எட்டாம் தேதி, அறுபத்து நாலாவது லாட். பெரிய வீட்டுல சமைச்ச அம்மா கேட்டுட்டு இருந்தாங்க. கைய எறக்கவே இல்ல. நான் பார்க்கல. பார்க்க முடியல. எனக்கு எடது பக்கம் கண்ணு தெரியாது. அது தெரியாம அவங்களைப் பொய் சொல்றாங்கன்னு சொன்னேன். அவங்க சொன்னது உண்மை. நான் சொன்னதுதான் பொய். இன்னியோட இந்தச் சுத்தி என் கையில இருக்காது."

முன் வரிசையில் மருமகள் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மோதிரக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது விலைக் கேள்வியில்லை. பின்னால் யாரோ, "கழுகுக்கா?" என்றார்கள். கடிகாரக்காரர் எழுந்து நின்று, "நானும் பார்த்தேன். அந்தம்மா கை மேலதான் இருந்துச்சு" என்றார். ஒரு மாதம் தாமதம், இருந்தாலும் சொன்னார்.

அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அப்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல், சமையலறையில் பேசுகிற மாதிரிச் சாதாரணமாக:

"சரி சார். ஜனங்க காத்துட்டு இருக்காங்க. முதல் லாட்டைப் போடுங்க."

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன். சுத்தியை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். மனைவி பேனாவை என் கையில் திணித்துவிட்டு மேலே ஏறினாள். அறுபது லாட்டையும் அவள்தான் விட்டாள், தொண்டை கட்டிப்போகும்வரை.

ஏப்ரல் 9, புதன்

இரண்டு குடும்பங்கள் சாமான்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டன. கண் தெரியாத இடம் என்றார்களாம். மச்சினன் வண்டிவரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து தரையைக் கூட்டினான்.

ஏப்ரல் 19, சனி

மனைவியின் ஏலம், முறைப்படி. முப்பத்தெட்டே லாட், பாதிக் கூட்டம். மச்சினன் இடப்பக்கச் சுவரோடு நின்றுகொண்டான். நான் கீழே மேசையில், பேனாவோடு.

என்ன நிதானம்! ஒவ்வொரு லாட்டுக்கும் இந்த மூலை முதல் அந்த மூலைவரை பார்த்து, "எல்லாரும் ஆச்சா? வேற யாராவது?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறாள். ஒன்பதாவது லாட்டில் பொறுக்கவில்லை, "போதும், அடி" என்று கீழேயிருந்து சொல்லிவிட்டேன். "மேசையில இருக்கிறவங்க எழுதினா போதும்" என்றாள் மேலேயிருந்து, எல்லார் முன்னாலும். அறை சிரித்தது. எனக்குக் காது சுட்டது. எழுதினேன்.

என் எழுத்தை அவளால் படிக்க முடியவில்லையாம். இரண்டு ரசீதை மறுபடி போட்டாள். மோதிரக்காரர் மட்டும் போகும்போது, அடுத்த மாதம் நாற்பது மோதிரம் கொண்டுவருவதாகச் சொன்னார். பார்க்கலாம்.

ஏப்ரல் 24, வியாழன்

மத்தியானம் தொலைபேசி. தெரியாத குரல், ஒரு பெண். வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொண்டு சமைக்க ஆள் தேடுகிறாராம். ஒருவர் வந்திருக்கிறாராம்.

"விசாரிக்க யாராவது இருக்காங்களான்னு கேட்டேன். உங்க நம்பரைக் கொடுத்தாங்க" என்றார்.

"யாரு, என் நம்பரையா?"

"ஆமாங்க. பெரிய வீட்டுல இருபத்திரண்டு வருஷம் இருந்தேன், ஆனா அங்க கேட்க வேணாம், இவர்கிட்டக் கேளுங்கன்னாங்க. உங்களுக்கு அவங்களை ரொம்ப வருஷமாத் தெரியுமா?"

"ஒன்றரை மாசமாத் தெரியும்."

"அவ்வளவுதானா? அப்போ… நம்பலாமாங்க அவங்களை?"

எழுதிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்பலாம்மா" என்றேன். "நான் சொன்னதுக்கும் அவங்க சொன்னதுக்கும் எப்பவாவது வித்தியாசம் வந்தா, அவங்க சொன்னதையே எடுத்துக்கங்க."

திங்கட்கிழமை வரச் சொல்லிவிடுகிறேன் என்றார் அந்தப் பெண். சரி என்று வைத்தேன்.